ஒன்பது மூக்குகளும் ஒரு மழைக்கோட்டும்

“டேப்பை உரிச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் வேற எதுவும்—”

“நான்தான் உரிச்சேன். அதுக்கு என்ன இப்ப? குறுக்கும் நெடுக்குமா டேப் ஒட்டி வெச்சா அது கண்ணாடியா, பார்சல் பெட்டியா? நான் அதைச் சுரண்டி எடுக்க—”

“புதுக் கண்ணாடின்னா பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுறது எங்க தொழில் வழக்கம்க்கா. வர்றவங்க கண்ணுக்குத் தெரியணும். அதைப் போய் நீங்க—”

“கண்ணுக்கே தெரியாத மாதிரி கண்ணாடி போட்டது யாரு?”

“கண்ணுக்கே தெரியாத மாதிரி துடைச்சது யாரு?”

காலை மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர். இடுப்பில் அளவு நாடா, காதில் பென்சில், விரல்களில் எந்த நேரமும் இரண்டு பிளாஸ்திரி. இன்னொருவர் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. கையில் ஒரு துணி, தோளில் ஒரு துணி, இடுப்பில் செருகியது ஒன்று. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பளபளா அக்கா.

சண்டையின் நடுவில், தரையில், ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் பாதி எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். பக்கத்தில் மண்டியிட்டு ஈரக் கைக்குட்டையை அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தவள் அவனுடைய அக்கா.

பையன் ஒன்றாம் வகுப்பு. ஒரு இடத்தில் நிற்கமாட்டான், அதனால் பம்பரம். அக்கா நான்காம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம், அதனால் மிளகு. இருவருக்கும் நல்ல பெயர்கள் உண்டுதான். ஆனால் வருகைப் பதிவேட்டைத் தாண்டி அந்தப் பெயர்களுக்கு எங்கும் வேலை வந்ததில்லை.

அந்தக் கண்ணாடிக்காரர்தான் இவர்களுடைய அப்பா. அவருடைய சொந்த மகனே அவர் போட்ட கண்ணாடியில் போய் மோதியிருந்தான்.

“அப்பா,” என்றான் பம்பரம் கீழேயிருந்து. “கவலைப்படாதீங்க. கண்ணாடி உடையலை.”

“அது உடையாதுடா. சூடு காட்டி உறுதியாக்கின கண்ணாடி. உன் தலை எப்படி இருக்கு?”

“அதுவும் உடையலை.”

பளபளா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு நடுவில் சிரிக்கக் கூடாது என்று சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன மாதம்வரை அங்கே இருந்தது ஓர் இருட்டு அறை. கால் உடைந்த பெஞ்சுகளும் கிழிந்த வரைபடங்களும் எலிகளும் குடியிருந்தன. பிறகு பெஞ்சுகள் போயின, எலிகளும் போயின. வராந்தா பக்கத்துச் சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரைவரைக்கும் ஒரே கண்ணாடியாகப் போட்டார்கள். உள்ளே புத்தக அலமாரிகள். இப்போது அது படிப்பறை. வெளியிலிருந்து பார்த்தாலே எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியும். உள்ளே போகும் வழி இடது ஓரத்தில் இருந்தது. ஆனால் ஓடி வருகிற பிள்ளைகளுக்கு ஓரம் எங்கே தெரிகிறது? புத்தகம்தான் தெரிகிறது. நேராக ஓடினார்கள். டொம்.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் பட்டறையில் கண்ணாடி அறுத்துவிட்டு, மிளகின் அப்பா தனியாக எடுத்துச் செய்த முதல் பெரிய வேலை அது. முடித்த அன்று யாரோ வந்து, “கண்ணாடி இன்னும் வரலையா?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியை அப்பா வீட்டில் ஏழு தடவை சொல்லிக் காட்டினார்.

மிளகுக்கும் அந்த அறையில் ஒரு சொத்து இருந்தது. கண்ணாடியை ஒட்டி, வலது மூலையில், ஒரு குட்டை முக்காலி. மற்றவர்கள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். மிளகுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். மதிய இடைவேளையில் சரியாக அந்த இடத்தில் வெயில் வந்து விழும்.

“என்ன சத்தம் இங்க?”

தலைமை ஆசிரியை வந்துகொண்டிருந்தார். வட்டமான பெரிய மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு கத்தைக் காகிதம். நடக்கும்போதும் அதைப் படித்துக்கொண்டே நடப்பார். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள்.

பம்பரத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

“இந்த மாசம் இது நாலாவது. கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட் போட முடியுமா?”

“போடலாம் டீச்சர். ஒரே வருஷத்துல கீறல் விழுந்து மங்கிடும்,” என்றார் அப்பா. “அப்புறம் யாரும் மோத மாட்டாங்க. புத்தகமும் தெரியாது.”

“அப்படின்னா டேப்பையே திரும்ப ஒட்டுங்க. நீங்க அதை உரிக்காதீங்கம்மா.” அக்கா தலையாட்டினார், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் போல. “எனக்கு ஒண்ணுதான் புரியலை. கவனமா நடக்கிறவங்க ஏன் மோதப் போறாங்க? இன்னும் ஒரு பிள்ளை மோதினாலும் சரி, கண்ணாடியை எடுத்துட்டு ப்ளைவுட் பலகை வெச்சு அடைச்சிடப் போறேன். எனக்குப் பிள்ளைங்க மண்டை முக்கியம்.”

அதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

அப்பா பெட்டியிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்து, தன் தோள் உயரத்தில், வரிசையாகப் பெருக்கல் குறி போட்டு ஒட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பம்பரம் அண்ணாந்து பார்த்து, “நல்லா இருக்குப்பா” என்றான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பளபளா அக்காவின் தங்கை வீடு மாறினாள் என்று, புதன், வியாழன் இரண்டு நாளும் அக்கா விடுப்பில் போய்விட்டார். கண்ணாடியைத் துடைக்க ஆள் இல்லை. டேப்பை உரிக்கவும் ஆள் இல்லை. புதன்கிழமை நல்லபடியாகப் போனது.

வியாழக்கிழமை மதியம், டொம்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மூக்கு சிவந்து, தக்காளி மாதிரி ஆகிவிட்டது. அவள் அழவில்லை. “இங்க வழின்னு நினைச்சேன்,” என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தச்சர் பலகையோடு வருவார் என்று பெரிய டீச்சர் அறிவித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மிளகு தன் முக்காலியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனாள். வெளியே மேகம் திரண்டிருந்தாலும், மேற்கே ஓர் ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து வந்தது. விடுப்பு முடிந்து வந்திருந்த பளபளா அக்கா, கண்ணாடியின் முன் வாளியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“ரெண்டே ரெண்டு நாள் நான் இல்லை. எப்படி ஆக்கி வெச்சிருக்காங்க பாரு. முகம் கழுவாத பிள்ளை மாதிரி இருக்கு,” என்று துணியைப் பிழிந்தார்.

“அக்கா, ஒரு நிமிஷம். துடைக்காதீங்க.”

“என்னது?”

“துடைக்காதீங்க. கொஞ்சம் நகருங்க. வெயிலை மறைக்கிறீங்க.”

பளபளா அக்காவிடம் துடைக்காதே என்று சொல்வது, மீனிடம் நீந்தாதே என்று சொல்வது மாதிரி. கை தானாகத் துணியோடு முன்னால் போனது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

சாய்ந்த வெயிலில் கண்ணாடி முழுக்க அடையாளங்கள் தெரிந்தன. விரல்கள், உள்ளங்கைகள். அவற்றுக்கு நடுவே வட்டமான எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று. அதற்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி.

“இது நெத்தி,” என்றாள் மிளகு. “இது மூக்கு.”

“ஐயே. இது ஒண்ணு. அங்க ஒண்ணு. அதோ இன்னொண்ணு.” அக்காவும் குனிந்துவிட்டார். “மோதினது ஒரு பொண்ணுன்னுதானே சொன்னாங்க?”

“பலமா மோதினவங்கதான் அழுவாங்க. லேசா மோதினவங்க யாரும் பார்த்தாங்களான்னு சுத்திப் பார்த்துட்டு ஓடிடுவாங்க. நானே ஒரு தடவை அப்படித்தான் ஓடினேன்.”

“நீயுமா? கண்ணாடிக்காரர் வீட்ல ஒருத்தர் பாக்கி இல்லை போல.” அக்கா எண்ணத் தொடங்கினார். எண்ண எண்ண அவர் முகம் மலர்ந்தது. “ஒம்பது. ஒம்பது மூக்கு. பார்த்தியா, நான் ரெண்டு நாளா துணியே போடலை, அப்பவும் மோதியிருக்காங்க. உங்க அப்பாகிட்ட மறக்காம சொல்லு.”

“டேப்பும் இருந்துச்சு. அப்பவும் மோதியிருக்காங்க,” என்றாள் மிளகு மெதுவாக.

அவள் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றாள். எதிரே ஒரு மூக்கு, சரியாக அவள் மூக்குக்கு நேராக. மற்றவை அதைவிடக் கீழே. தாடைக்கு நேராக இரண்டு, தோளுக்கு நேராக ஐந்து, அதற்கும் கீழே ஒன்று. சிவப்பு டேப் எங்கே என்று தேடினாள். தலையை நன்றாகத் தூக்கினால்தான் தெரிந்தது.

பிறகு முழங்கால் போட்டு, பம்பரத்தின் உயரத்துக்கு இறங்கிப் பார்த்தாள். அங்கிருந்து டேப் கூரையின் ஒரு பகுதி மாதிரி இருந்தது. நேர் எதிரே அலமாரி, புத்தகங்கள், வழி. கண்ணாடி என்று ஒன்றே இல்லை.

“அக்கா, கயிறு ஏதாவது இருக்கா?”

புத்தகப் பார்சல் கட்டி வந்த நீலப் பிளாஸ்டிக் கயிறு ஒன்று அக்காவிடம் இருந்தது. அக்கா எதையும் தூக்கி எறிகிறவர் இல்லை. மிளகு கயிற்றின் நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு மூக்கின் உயரத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரே உயரத்தில் இருந்த மூக்குகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் முடிச்சு. ஒன்பது முடிச்சு.

“முடிஞ்சுதா? துடைக்கலாமா?” என்றார் அக்கா, கை நமைத்தவர் போல.

“துடைங்க.” சொன்ன பிறகுதான் அவள் மேலே பார்த்தாள். “இருங்க. மேல ஒண்ணு இருக்கு.”

டேப்புக்கும் மேலே, பத்தாவது மூக்கு. கொஞ்சம் முகப்பவுடரோடு பதிந்திருந்தது. மூக்குக்கு இரண்டு பக்கமும், அழகாக, இரண்டு பெரிய வட்டம்.

இருவரும் அந்த வட்டங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இந்தப் பள்ளிக்கூடத்துல வட்டமா கண்ணாடி போடுறது...” என்று தொடங்கிய அக்கா பாதியில் நிறுத்திவிட்டு, எட்டி அதைத்தான் முதலில் துடைத்தார். “நான் எதையும் பார்க்கலைம்மா.”

“நானும் பார்க்கலை,” என்றாள் மிளகு. ஆனால் பத்தாவது முடிச்சையும் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அப்பா கண்ணாடியைக் கழற்றுவதற்கான உறிஞ்சு பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா ஏற்கெனவே சுத்தமாக இருந்த பிடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மிளகு நீலக் கயிற்றை அவர் முன்னால் நீட்டினாள்.

“அப்பா, நீங்க ஒட்டின டேப் யாருக்கு?”

“மோதுறவங்களுக்கு.”

“மோதுறவங்க இவ்ளோ உயரம்தாம்ப்பா.” முடிச்சுகளைக் காட்டினாள். “உங்க டேப் எங்க தலைக்கு மேல இருக்கு.”

“பட்டறையில அந்த உயரத்துலதாம்மா ஒட்டுவோம். கண்ணாடி தூக்கிட்டு வர்றவன் கண்ணுல படணும்.”

“உங்க பட்டறையில ஒண்ணாம் வகுப்பு இருக்கா?”

அப்பா கயிற்றை வாங்கி, முடிச்சு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தார்.

“பன்னெண்டு வருஷமா ஒட்டுறேன்,” என்றார் கடைசியில். “ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்திருக்கலாம்.” பிறகு பெருமூச்சு விட்டார். “ஆனா கீழ ஒட்டினா பசங்க கை சும்மா இருக்காது. பிய்ப்பாங்க. பிசின் ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்த அக்கா அதைச் சுரண்டுவாங்க. நாங்க திரும்ப முதல்ல இருந்து சண்டை போடணும்.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பம்பரம் வந்தான். மஞ்சள் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒரு காலத்தில் மிளகினுடையது. இப்போது அவனுடையது. முதுகில் கேட் கம்பி மாட்டிக் கிழிந்த கிழிசல் இடுப்புவரைக்கும் போயிருந்தது.

“கோட்டு போட்டுக்கிட்டுப் போய் இவ்ளோ நனைஞ்சு வந்திருக்கே,” என்றார் உள்ளேயிருந்து அம்மா. “அதை எப்பவோ தூக்கிப் போடச் சொன்னேன்.”

“முன்பக்கம் நனையலைம்மா. முன்பக்கம் நல்லா வேலை செய்யுது.”

கோட்டைக் கழற்றி நாற்காலியை நோக்கி வீசினான். அது நாற்காலியைத் தாண்டி ஜன்னலில் போய் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது. விழவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பல்லி மாதிரி அப்பிக்கொண்டு நின்றது.

பம்பரம் கை தட்டினான். மிளகு எழுந்து போய் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று உரிந்து வந்தது. விட்டாள். மறுபடி ஒட்டிக்கொண்டது. முழுசாக உரித்துவிட்டுக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான். பிசின் இல்லை, கறை இல்லை.

“அப்பா, இங்க வாங்க.”

அப்பா வந்து, ஈரக் கோட்டின் ஓரத்தைக் கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார். “மெத்துனு இருக்கிற பிளாஸ்டிக். கண்ணாடியும் வழவழ, இதுவும் வழவழ. நடுவுல தண்ணி இருந்தா காத்து உள்ள போக முடியாது. அதான் பிடிச்சுக்குது.”

“காய்ஞ்ச பிறகு?”

“தெரியலையே,” என்றார் அப்பா. “நான் டேப்காரன்தானே. கோட்டை யாரு ஒட்டிப் பார்த்தா?”

அன்று கோட்டை ஜன்னலிலேயே விட்டுவைத்தார்கள். சனிக்கிழமை காலை மிளகு எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தாள். சட்டைப்பையும் பொத்தானும் இருந்த கனமான பக்கம் உரிந்து தொங்கியது. ஆனால் ஒரு கை மட்டும் காய்ந்து போயும் கண்ணாடியை விடவில்லை.

“சின்னச் சின்னதா, கனமில்லாம வெட்டினா நிக்கும்,” என்றாள்.

“எதை வெட்டினா?” என்றான் பம்பரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு. பிறகு அவளுடைய கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான். “அது என் கோட்டு.”

“முதல்ல என் கோட்டு.”

“நீ வளர்ந்துட்டே. இல்லை, வளரலை. ஆனா கோட்டு என்கிட்ட வந்துடுச்சு.”

மிளகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனுடைய நெற்றி வீக்கம் இப்போது நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ குடுத்தாதான் வெட்டுவேன். குடுக்கலைன்னா பரவாயில்லை. வேற ஏதாவது தேடலாம்.”

பம்பரம் வெகுநேரம் யோசித்தான். அவன் அவ்வளவு நேரம் ஆடாமல் உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“என்ன மாதிரி வெட்டுவே?”

“நீயே சொல்லு.”

“யானை.”

“தும்பிக்கை பிய்ஞ்சு போகும்.”

“அப்ப மீனு. மழைக்கோட்டு தண்ணியிலயே இருந்துச்சில்ல, மீனுக்கும் அதான் பிடிக்கும். ஆனா சட்டைப்பை எனக்கு வேணும்.”

“எடுத்துக்கோ.”

அப்பா கண்ணாடியில் குறி வைக்கும் பேனாவால் ஒரே ஒரு மீன் வரைந்தார். அவருக்கு நேர்க்கோடுதான் பழக்கம். மீன் கொஞ்சம் பெட்டி மாதிரி வந்தது. மிளகு அதன் வயிற்றைச் சரி செய்தாள். இருவரும் வெட்டினார்கள். பத்து மீன்கள், மஞ்சள் மஞ்சளாக.

“முடிச்சு ஒம்பதுதானே கீழ இருக்கு? பத்தாவது எதுக்கு?” என்று கேட்டார் அப்பா.

“அது மேல இருக்கிற முடிச்சுக்கு,” என்றாள் மிளகு. அதற்கு மேல் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற சத்தம் மட்டும் கேட்கிற நேரத்துக்கே மூவரும் போய்விட்டார்கள். பளபளா அக்கா துடைப்பத்தைத் தடி மாதிரி ஊன்றிக்கொண்டு வழியில் நின்றார்.

“என்ன அது கையில? மறுபடியும் ஒட்டப் போறீங்களா?”

“ஒட்டத்தான் போறோம்க்கா,” என்றாள் மிளகு.

“பிசின் உண்டா?”

“இல்லை. வெறும் தண்ணி.”

“சுரண்டணுமா?”

“வேண்டாம். உரிச்சு எடுத்துட்டு, கண்ணாடியைத் துடைச்சுட்டு, ஈரமாக்கித் திரும்ப வெச்சிடலாம்.”

அக்கா நம்பவில்லை. ஒரு மீனை வாங்கி, வாளித் தண்ணீரில் முக்கி, கண்ணாடியில் வைத்தார். நின்றது. உரித்தார். அந்த இடத்தை வெயிலுக்கு நேராக, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்தார். திரும்ப வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்து, வால் பக்கம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று ஒரு விரலால் நேராக்கினார்.

அவர் நேராக்கிய அந்த நிமிடமே, சண்டை முடிந்துவிட்டது என்று மிளகுக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க சொன்னது சரிதான்க்கா,” என்றார் அப்பா, டேப்பை உரித்துக்கொண்டே. “உங்க துணி மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் என் உயரத்துக்கு ஒட்டிட்டேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். உங்க கண்ணாடி மாதிரி துடைக்கத் தோதான கண்ணாடி இந்தக் கட்டடத்துலயே இல்லை. எனக்குச் சொல்லணும்னு தோணலை, அவ்ளோதான்,” என்றார் அக்கா, வாளியைப் பார்த்துக்கொண்டு.

மிளகு நீலக் கயிற்றை நிமிர்த்திப் பிடித்தாள். முடிச்சுக்கு ஒரு மீனாக ஒட்டினார்கள். பம்பரம் தன் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, தன் மீனுக்கு இடம் காட்டினான். ஒன்பது மீன்கள் வராந்தாவின் நடுவே, காற்றில் நீந்துவதுபோல, கூட்டமாகப் போயின. கடைசியில் மிளகு தன் முக்காலியைக் கொண்டுவந்து, அதன்மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, பத்தாவது மீனை மேலே ஒட்டினாள்.

அவள் இறங்குவதற்கும் தச்சர் பலகையைத் தோளில் சுமந்து வருவதற்கும், அவருக்குப் பின்னால் பெரிய டீச்சர் காகிதக் கத்தையோடு வருவதற்கும் சரியாக இருந்தது.

“என்ன இது?” என்றார் பெரிய டீச்சர்.

“மீனுங்க டீச்சர்,” என்றான் பம்பரம். “என் கோட்டு.”

அப்பா சொல்லத் தொடங்கினார். ஆனால் சொல்லி முடிக்க விடாமல் மணி அடித்தது. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வழக்கம்போல ஒரே ஓட்டமாக வராந்தாவில் வந்தன. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். தச்சர்கூடப் பலகையை இறக்காமல் நின்றார்.

முன்னால் ஓடி வந்தவள் அந்தத் தக்காளி மூக்குப் பெண். நேராகக் கண்ணாடியை நோக்கி வந்தாள். நான்கு அடி இருக்கும்போது நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“மீன்,” என்றாள் அவள். கையை நீட்டி அதைத் தொட்டாள். “ஓ, இங்க கண்ணாடி இருக்கு.” இடது பக்கம் திரும்பி, வழியாக உள்ளே போனாள். மற்றவர்கள், தங்களுக்கு நேராக இருந்த மீனை ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவள் பின்னாலேயே போனார்கள்.

ஒருவரும் மோதவில்லை.

பெரிய டீச்சர் நீலக் கயிற்றை வாங்கிப் பார்த்தார். மிளகு எல்லாவற்றையும் சொன்னாள், வெயில், பிசுக்கு, முடிச்சு, மழை. பத்தாவது முடிச்சுக்கு வந்தபோது மட்டும், “இது சும்மா” என்று கடந்துவிட்டாள்.

“அப்ப எனக்கு வேலை இல்லையா?” என்றார் தச்சர். “பலகை கனக்குது.”

“இருக்கு,” என்றார் பெரிய டீச்சர். “உள்ள அலமாரியில இன்னும் ரெண்டு தட்டு அடிச்சுக் குடுங்க. கீழ. ரொம்பக் கீழ. எந்த உயரம்னு இந்தப் பொண்ணைக் கேட்டுக்கோங்க.”

அப்பா உறிஞ்சு பிடிகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மிளகு அவரைப் பார்த்தாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் காதில் செருகினார்.

பம்பரம் மட்டும் இன்னும் கண்ணாடி முன்னாலேயே நின்றான். ஒவ்வொரு மீனாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்பதுக்கு அப்புறம் தலையை நன்றாக அண்ணாந்தான்.

“டீச்சர், ஒரு மூக்குக்கு ஒரு மீனுன்னு அக்கா சொன்னா.”

“ஆமாப்பா,” என்றார் பெரிய டீச்சர்.

பளபளா அக்கா திடீரென்று குனிந்து, காய்ந்த துணியைப் பிழியத் தொடங்கினார். மிளகு தன் முக்காலியின் காலில் ஏதோ இருப்பதுபோல உற்றுப் பார்த்தாள். பெரிய டீச்சரின் விரல்கள் மெதுவாகப் போய் அவருடைய வட்டக் கண்ணாடியைத் தொட்டன.

பம்பரம் பத்தாவது மீனைக் காட்டினான்.

“அப்ப அங்க மேல மோதினது யாரு டீச்சர்?”